பிட்டின் மேல் போடும் பழி

தீக்குச்சி மாதிரிதான் டிரில் பிட்டும். முனை மொக்கையானால் எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டியதுதான். கிரில் கேட் செய்யும் வெல்டிங் பட்டறை, அலுமினிய ஜன்னல் மாட்டும் கட்டடம், ஹார்டுவேர் கடைக் கவுண்டர் என்று எங்கே கேட்டாலும் இன்று கிடைக்கும் பதில் இதுதான். கூடவே ஒரு துணை விதியும் வரும்: அடிக்கடி போகிறதா, விலை கூடியதை வாங்கு. கறுப்பு பிட் நிற்கவில்லையென்றால் தங்க நிறம். அதுவும் நிற்கவில்லையென்றால் கோபால்ட்.

இதைக் கிண்டல் செய்து ஒதுக்கிவிட முடியாது. பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சின்ன அளவு பிட்டின் விலை, கைதேர்ந்த ஆளின் ஒரு மணி நேரக் கூலிக்குள் அடங்கிவிடும். அவர் மெஷினை நிறுத்தி, சாணைக்கல்லுக்கு நடந்து போய், முனை பிடித்துத் திரும்புவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். பிடித்த முனை புதியதுபோல் வெட்டும் என்பதற்கும் உறுதியில்லை. மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கும் எலக்ட்ரீஷியனுக்குச் சாணைக்கல் எங்கே இருக்கிறது? பெரிய தொழிற்சாலைகளே தேய்ந்த கார்பைடு வில்லையைக் கழற்றிவிட்டுப் புதியதைத் திருகுகின்றன. உலோகவியல் எங்கோ போய்விட்டது, சாணை பிடிப்பது தாத்தா காலத்து வேலை. எதிர்த்தரப்பின் வாதம் இவ்வளவுதான், இதில் ஒவ்வொரு துண்டும் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் எல்லாத் துண்டுகளும் ஒரே அனுமானத்தின் மேல் நிற்கின்றன: பிட் போவது பிட்டின் குற்றம். அந்த அனுமானத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முதல் மறுப்பு. பட்டறைகளில் சாகும் பிட்டுகளில் பெரும்பாலானவை தேய்ந்து சாவதில்லை, வெந்து சாகின்றன.

எச்.எஸ்.எஸ். என்கிற ஹை ஸ்பீடு ஸ்டீல் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை தன் கடினத்தை இழக்காமல் வெட்டும். அதற்கு முந்தைய கார்பன் எஃகு 250 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். இந்த வரம்பைத் தாண்டவைப்பது எது? விளிம்பின் வேகம். பிட்டின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றுகளால் பெருக்கி, மீட்டருக்கு மாற்றினால் வெட்டு வேகம் கிடைக்கும். எச்.எஸ்.எஸ். பிட்டுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 முதல் 30 மீட்டர், எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 10 முதல் 15, அலுமினியத்தில் 60-க்கு மேல் என்பது பொதுவான அளவு. கையில் பிடிக்கும் சாதாரண மின்சார டிரில்லின் தகட்டில் 2,600 அல்லது 2,800 ஆர்.பி.எம். என்று அச்சிட்டிருக்கும். விசையை முழுக்க அமுக்கி 10 மி.மீ. பிட்டை 2,600-ல் ஓட்டினால் விளிம்பு நிமிடத்துக்கு 80 மீட்டருக்கு மேல் ஓடும். மாடிப்படிக் கைப்பிடியின் எஸ்.எஸ். குழாயில் அதே பிட்டுக்கு உரிய சுற்று 320 முதல் 480 வரைதான். சுமை ஏறினால் மெஷின் சற்றுத் தணியும் என்று கழித்துக்கொண்டாலும், தேவையைப்போலப் பல மடங்கு வேகத்தில் பிட் எரிகிறது.

வேகம் கூடினால் ஆயுள் என்ன ஆகும் என்பது ஊகத்துக்கு விட்ட விஷயமல்ல. அமெரிக்கப் பொறியாளர் பிரெட்ரிக் டெய்லர் 26 ஆண்டுகள் உலோகத்தை வெட்டிச் சோதித்து, 1906-ல் முடிவுகளை வெளியிட்டார். எச்.எஸ்.எஸ். பிறந்ததே பெத்லஹேம் எஃகு ஆலையில் அவரும் மான்செல் ஒயிட்டும் 1900-ஐ ஒட்டி நடத்திய சோதனைகளில்தான். வேகம் ஏறும் விகிதத்தில் ஆயுள் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு செங்குத்தாகச் சரிகிறது என்பதே டெய்லர் சமன்பாட்டின் சாரம். எச்.எஸ்.எஸ்.ஸுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 0.125 என்ற அடுக்கெண்ணை வைத்துக் கணக்கிட்டால், வேகத்தைப் பத்து சதவீதம் கூட்டியதுமே ஆயுள் பாதிக்கும் கீழே இறங்குகிறது. இருபது சதவீதம் கூட்டினால் கால்வாசிகூட மிஞ்சாது. ஐந்து மடங்கு கூட்டினால் என்ன மிஞ்சும் என்று அந்தச் சமன்பாட்டைக் கேட்கவே வேண்டாம். சில நொடிகளில் முனை நீலம் பாய்ந்து பதில் சொல்லிவிடும்.

ஆக, நீலம் பாய்ந்த பிட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே மெஷினில், அதே விசை அமுக்கலில் புது பிட்டை மாட்டுகிறவர் எதை மாற்றியிருக்கிறார்?

இரண்டாவது மறுப்பு, எஸ்.எஸ்.ஸைப் பற்றியே. அங்கேதான் இந்தக் கருத்து மிக மோசமாக அடிவாங்குகிறது. 304 வகை எஸ்.எஸ். வெப்பத்தைக் கடத்துவதில் மைல்டு ஸ்டீலின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். வெட்டும்போது பிறக்கும் சூடு தகட்டுக்குள் பரவி ஓடாமல் பிட்டின் விளிம்பிலேயே தங்கிவிடும். இன்னொரு குணமும் உண்டு: வெட்டாமல் தேய்த்தால் அதன் மேற்பரப்பு இறுகிக் கெட்டியாகும். அதிவேகத்தில், ‘பிட் உடைந்துவிடும்’ என்ற பயத்தில் பட்டும் படாமலும் அமுக்குகிறவர் செய்வது இதைத்தான். துளையின் அடியில் தன் கையாலேயே ஒரு கடினத் தோலை உருவாக்குகிறார். பிறகு புது பிட்டை எடுத்து அதே குழியில் வைக்கிறார். அதுவும் மொக்கையாகிறது. ‘இந்த பிராண்டு சரியில்லை’ என்கிறார்.

எஸ்.எஸ்.ஸுக்கு வழி நேர் எதிர். சுற்றைக் குறைக்க வேண்டும், அமுக்கத்தைக் கூட்ட வேண்டும், சுருள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும், இடையில் சும்மா சுற்றவிடக் கூடாது. கட்டிங் ஆயில் விட வேண்டும். பட்டறையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெய்கூட எதுவுமில்லாததற்கு மேல். ஏற்கெனவே இறுகிப்போன குழி என்றால் மறுபக்கத்திலிருந்து துளைப்பதே மேல். இரண்டு கியர் உள்ள பேட்டரி டிரில்லில் ‘1’ என்ற நிலை இதற்காகத்தான் இருக்கிறது. அதைத் திருகு முடுக்குவதற்கு மட்டும் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

மூன்றாவது: தங்க நிறம் ஒரு தகுதிச் சான்றிதழ் அல்ல. உண்மையான பூச்சு டைட்டானியம் நைட்ரைடு. கடினத்தில் அது எச்.எஸ்.எஸ்.ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தடிமனோ சில மைக்ரான்தான். நல்ல எஃகின் மேல், சரியான வேகத்தில், எண்ணெயோடு ஓடும் பிட்டில் அது ஆயுளைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சில மைக்ரான் தோல், அடியில் இருக்கும் எஃகு இளகும்போது என்ன செய்ய முடியும்? மட்டமான எஃகின் மேல் அந்த நிறத்தை மட்டும் ஏற்றிவைத்த பிட்டுகளும் அதே பெட்டியில், அதே பளபளப்போடு விற்கின்றன. நிறத்தைப் பார்த்து வாங்குகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோபால்ட்டின் கதை வேறு. அது பூச்சு அல்ல, எஃகிலேயே கலந்தது. எம்-35 வகையில் ஐந்து சதவீதம், எம்-42 வகையில் எட்டு சதவீதம். சூட்டிலும் கடினம் நிற்க அது உதவுகிறது. அதற்கு விலையாக வளைந்துகொடுக்கும் குணம் குறைகிறது. நிலையாக நிற்கும் டிரில்லிங் மெஷினில், இறுகப் பிடித்த வேலையில் அது பொன்னானது. ஏணியில் நின்றுகொண்டு ஒரு கையால் பிடிக்கிற மெஷினில் கை சற்றுச் சாய்ந்தால், சாதாரண எச்.எஸ்.எஸ். தாங்கிக்கொள்ளும் இடத்தில் கோபால்ட் பிட் ‘டக்’கென்று முறியும். மைல்டு ஸ்டீலுக்கும் மரத்துக்கும் அதை வாங்குவது காசைக் கரைப்பதுதான்.

நான்காவது மறுப்புக்கு இடம் அதிகம் வேண்டும். ‘நல்ல பிட் என்றால் எதிலும் இறங்கும்’ என்ற நம்பிக்கை மற்ற எல்லாவற்றுக்கும் தாய். பொருளுக்குப் பொருள் துளை விழும் விதமே வேறு.

உலோகத்தில் பிட் சீவுகிறது. கான்கிரீட்டில் சீவுவதே இல்லை. இடித்து நொறுக்கித் தூளை வெளியேற்றுகிறது. அதனால்தான் சுவர் பிட்டின் கார்பைடு முனை கத்திபோலக் கூராக இருப்பதில்லை, உளிபோல மொத்தமாக இருக்கிறது. இரும்புத் தகட்டில் அதை வைத்தால் தேய்த்துச் சூடேற்றுவதோடு சரி. எச்.எஸ்.எஸ். பிட்டைச் சுவரில் வைத்தால் மணலிலுள்ள குவார்ட்ஸ் சில நொடிகளில் விளிம்பைத் தின்றுவிடும். சுவரிலும் ஒரே விதி கிடையாது. சாதாரண இம்பாக்ட் டிரில்லில் இரண்டு பல் தட்டுகள் உரசித் தாண்டுவதால் அடி பிறக்கிறது. எண்ணிக்கை மிக அதிகம், பலம் குறைவு. ரோட்டரி ஹேமரில் காற்றழுத்தத்தால் ஓடும் பிஸ்டன் அடிக்கிறது. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் பலமானது. போஷ் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்த எஸ்.டி.எஸ். பிடிமானத்தில் பிட்டின் அடித்தண்டு முன்னும் பின்னும் நகர இடம் இருப்பதால் அந்த அடி முழுக்க முனைக்குப் போகிறது. தூணிலும் கூரைத் தளத்திலும் துளை போட இம்பாக்ட் டிரில்லோடு மல்லுக்கட்டி, உடல் எடையையெல்லாம் அதன் மேல் சாய்த்து, கடைசியில் பிட்டைத் திட்டுகிறவர் உண்மையில் மெஷினைத்தான் மாற்ற வேண்டும். வெட்டும் சத்தம் திடீரென்று மாறி, தூள் வருவது நின்றால் உள்ளே கம்பி இருக்கிறது. அங்கே மேலும் அடிப்பது கார்பைடு முனையைச் சில்லுச்சில்லாக்கும் வேலை.

ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக், பழைய செங்கல் ஆகியவற்றில் ஹேமர் பொத்தானையே தொடக் கூடாது. 8 மி.மீ. துளை போடப் போய், பின்பக்கம் உடைந்து கையளவு பள்ளமாகி, பிளக் உள்ளேயே விழுந்துவிடும். வெறும் சுற்றலே போதும்.

டைல்ஸ் இன்னொரு உலகம். குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காத அளவுக்கு இறுகியது. அதில் கான்கிரீட் பிட்டை ஹேமரோடு வைத்தால் டைல்ஸ் நட்சத்திரமாக வெடிக்கும். ஹேமர் இல்லாமல் வைத்தால் பிட் வழுக்கிக்கொண்டே இருக்கும். வைரத்துகள் பதித்த குழல் பிட், தண்ணீர், மெல்லிய அமுக்கம், குறைந்த வேகம் ஆகியவையே வழி. தொடங்கும்போது சாய்வாகப் பிடித்து, ஒரு பிறை விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். ‘விலை கூடியதே எங்கும் நல்லது’ என்கிறவர்கள் அதே வைர பிட்டை இரும்பில் வைத்துப் பார்க்கலாம். வைரம் கார்பன், சூடான இரும்பு கார்பனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். உலகின் மிகக் கடினமான பொருள், மைல்டு ஸ்டீலிடம் தோற்கும்.

மரத்தில் நடுவே ஊசியும் ஓரத்தில் கூர்முனைகளும் உள்ள பிட்தான் துளையின் வாயைப் பிசிறின்றி அறுக்கும். இரும்பு பிட்டின் 118 டிகிரி முனை நாரைக் கிழித்து இழுக்கும். தேக்கு மென்மையாகத்தானே இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. அதிலுள்ள சிலிக்கா முனையை எதிர்பாராத வேகத்தில் மழுக்கும். பித்தளை நேர்மாறு: கூர்மை கூடிப்போனால் பிட் திருகுபோல உள்ளே இழுத்துக்கொண்டு போய் வேலையைக் கையிலிருந்து பிடுங்கும், ஆகவே விளிம்பின் கூரைக் கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்வது பழைய ஃபிட்டர்களின் வழக்கம். அக்ரிலிக் ஷீட்டுக்கும் அதே வைத்தியம். அலுமினியம் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், மண்ணெண்ணெய் அதைத் தடுக்கும். வார்ப்பிரும்பில் கிராஃபைட்டே மசகு என்பதால் எண்ணெய் இல்லாமலே துளைக்கலாம்.

இத்தனையும் தெரிந்தால் ‘எந்த பிட் நல்லது?’ என்ற கேள்வியே அர்த்தமிழந்துவிடுகிறது.

ஐந்தாவது மறுப்பு: ‘சாணை பிடித்தது புதுசு மாதிரி வராது’. அனுபவத்திலிருந்து வரும் வாதம் இது, அதனால் மரியாதைக்குரியது. பட்டறைகளில் சாணை பிடித்த பிட் பெரும்பாலும் மோசமாகத்தான் வெட்டுகிறது. ஏன் என்பதில்தான் எதிர்த்தரப்பு தவறுகிறது.

பிட்டின் முனையை நேராகப் பார்த்தால் இரண்டு வெட்டு விளிம்புகள் தெரியும். அவற்றை இணைத்து நடுவில் குறுக்காக ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோடு வெட்டுவதில்லை. மையத்தில் சுற்றும் வேகமே பூஜ்யம் என்பதால் அது உலோகத்தைப் பிதுக்கித் தள்ளுகிறது. கை கொடுக்கும் அமுக்கத்தில் ஏறத்தாழ பாதியை அதுவே விழுங்கிவிடும். இப்போது பிட்டின் உள்ளமைப்பைக் கவனிக்க வேண்டும்: இரண்டு பள்ளங்களுக்கு நடுவிலுள்ள தண்டு முனையில் மெல்லியதாகவும், பிடியை நோக்கிப் போகப்போகத் தடிமனாகவும் செய்யப்பட்டிருக்கிறது. சாணை பிடிக்கப் பிடிக்க முனை பின்வாங்குகிறது, குறுக்குக்கோடு அகலமாகிறது. நாலைந்து முறை பிடித்த பிட் ‘அமுக்கினாலும் இறங்கவில்லை’ என்று தோன்றுவதன் ரகசியம் இது. அதற்கு மருந்தும் உண்டு. கல்லின் ஓரத்தில் நடுத்தண்டை இரண்டு பக்கமும் சற்றே அரைத்து, குறுக்குக்கோட்டைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடையில் 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் என்று கூடுதல் விலைக்கு விற்பதும் இதன் திருத்தமான வடிவம்தான்.

மற்றத் தவறுகள் மூன்று. இரண்டு விளிம்பும் ஒரே நீளத்தில் இல்லாமல் போவது முதலாவது. அப்போது பிட் ஆடி, துளை விட்டத்தைவிடப் பெரிதாகும். விளிம்பின் பின்னால் எட்டு முதல் பன்னிரண்டு டிகிரி சரிவு இல்லாமல் போவது இரண்டாவது. அப்போது விளிம்புக்குப் பதில் குதிகால் உரசும். சிவக்கும்வரை கல்லில் பிடித்துவிட்டுத் தண்ணீரில் முக்குவது மூன்றாவது, எச்.எஸ்.எஸ்.ஸில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடும். சூடேறும் முன் அடிக்கடி நனைத்துக்கொள்ள வேண்டும். கார்பைடு முனையைச் சாம்பல் நிறச் சாதாரணக் கல் தொடாது. பச்சைக் கல்லோ வைரக் கல்லோ தேவை. சரிபார்க்க 59 டிகிரி அளவுத் தகடு ஒன்று போதும், அதுவும் இல்லையென்றால் சுருளைப் பார்க்கலாம். இரண்டு பள்ளத்திலிருந்தும் ஒரே பருமனில் சுருள் வந்தால் முனை சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் வேலை செய்வது அரை பிட்தான்.

தங்கப் பூச்சு சாணையில் போய்விடுமே என்பார்கள். முனையின் பின்சரிவில் போகும். சுருள் உரசி ஏறுகிற பள்ளத்தின் முகத்தில் அப்படியே இருக்கும், பூச்சின் பயனில் ஒரு பகுதி அங்கேதான்.

ஆறாவது மறுப்பு: கணக்கே தவறு. மொக்கை பிட்டின் செலவு பிட்டின் விலையில் இல்லை, துளையில் இருக்கிறது. பெரிதாகிப்போன துளையில் போல்ட் ஆடும். பிசிறை அரத்தால் ராவ வேண்டும். முறிந்து உள்ளே மாட்டிய முனையை எடுக்க முடியாமல் முழு வேலையையும் ஒதுக்க நேரும். மழுங்கிய சுவர் பிட் போட்ட சின்னத் துளைக்குள் சுத்தியலால் அடித்து ஏற்றிய பிளக், தண்ணீர் ஹீட்டரின் எடையை எத்தனை நாள் தாங்கும்? இறங்காத பிட்டின் மேல் சாய்ந்து அமுக்குபவர், தகடு திடீரென்று துளைபட்டதும் முன்னால் போய் விழுவதும், பிட் இறுகி மெஷின் மணிக்கட்டை முறுக்குவதும் எந்தப் பில்லிலும் ஏறுவதில்லை.

எறிவதன் மறுபாதியையும் பார்க்கலாம். வழக்கமான 10 மி.மீ. பிட்டில் பள்ளம் ஓடும் நீளம் 87 மி.மீ. ஒரு சாணைக்குப் போவது அரை முதல் ஒரு மில்லிமீட்டர். முனையில் ஒரு மில்லிமீட்டர் கெட்டதற்காக 86 மில்லிமீட்டர் நல்ல எஃகைக் குப்பைக்கு அனுப்புவதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? அந்த எஃகில் இருக்கும் டங்ஸ்டனின் பெரும்பகுதி உலகுக்குச் சீனாவிலிருந்தும், கோபால்ட் பிட் என்றால் அதிலுள்ள கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவிலிருந்தும் வருகிறது. இரண்டும் மலிவாகக் கிடைக்கும் மண் அல்ல. தொழிற்சாலைகளைச் சாட்சிக்கு அழைப்பதும் எதிர்த்தரப்புக்கு உதவாது. அவை கழற்றும் கார்பைடு வில்லை குப்பைக்குப் போவதில்லை, கிலோ கணக்கில் மறுசுழற்சிக்கு விற்பனையாகிறது. முழு கார்பைடு டிரில்களை அவை திரும்பத் திரும்பச் சாணைக்கு அனுப்புகின்றன. சாரத்தில் நிற்கும் எலக்ட்ரீஷியனோ பெரும்பாலும் சுவரைத் துளைக்கிறார். அவருக்குத் தேவை சாணைக்கல் அல்ல, ஹேமரை எங்கே அணைப்பது என்ற தெளிவு.

எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதும் இருக்கிறது. 3 மி.மீ.க்குக் கீழே உள்ள பிட்டின் முனையைக் கண்ணாலும் கையாலும் சரியாகப் பிடிப்பது அநேகமாக முடியாத காரியம். அதை எறியலாம். வளைந்த பிட், கார்பைடு முனை கழன்ற சுவர் பிட், வைரத்துகள் உதிர்ந்த குழல் பிட் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். ஆனால் அளவு ஏற ஏற இந்த நியாயம் மெலிகிறது. 16, 20 மி.மீ. டேப்பர் ஷாங்க் பிட்டைச் சாணை பிடிக்காமல் எறிகிற பட்டறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதன் விலை அப்படி. ஆறு மில்லிமீட்டருக்கு ‘புதுசு மாதிரி வராது’ என்று சொல்கிற அதே கை, இருபது மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டு கல்லுக்குப் போய், இரண்டு விளிம்பையும் அளந்து, நடுத்தண்டையும் மெலித்துக்கொண்டு வருகிறது.